அத்தை கேட்ட நிறம்

அத்தைக்கு மாலைக்கண் என்று ஊரில் யாரோ கிளப்பிவிட்டார்கள். பொழுது சாய்ந்த நேரத்தில் வரப்பில் கால் இடறி, நாற்றுக்கட்டோடு சேற்றில் விழுந்தாள், அவ்வளவுதான். உத்திரமேரூர் பஸ்ஸுக்கு முன்னாலேயே அந்தச் செய்தி பக்கத்து ஊரான பெருநகருக்குப் போய்விட்டது. வந்த வரன்களெல்லாம் தட்டிப்போயின. தன் தங்கையின் கல்யாணக் கவலையில் அப்பா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

அப்புறம் பெருநகரிலிருந்தே ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. வேண்டுமென்றே விளக்கு வைத்த பிறகு வந்தார்கள். அவர்களுக்கு வசதியாகக் கரண்டும் போய்விட்டது. அத்தை காபித் தட்டோடு வரும் வழியில், மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர்ச் சொம்பை ஓசையில்லாமல் நகர்த்தி வைத்தார். நான் பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை. சின்ன வயதில் நாலு பேருக்கு முன்னால் எனக்கு எப்போதுமே வராது.

அத்தை தட்டை ஒரு கைக்கு மாற்றி, குனிந்து, சொம்பை எடுத்து அந்த அம்மாவிடமே நீட்டினாள்.

"கால்ல படும்மா. ஓரமா வச்சிக்கோங்க."

"சிம்னி வெளக்கு எரியுதே, அதான் தெரிஞ்சிது. இருட்டுல?"

"அப்ப இருட்டுக்கே போலாம், வாங்க."

அப்பா பல்லைக் கடித்தார். அத்தை திரும்பிப் பார்க்காமல் பின்பக்கத்துக் களத்துக்கு நடந்தாள். எல்லோரும் பின்னால் போனோம்.

"தென்னைக்கு மேல ரெண்டு நட்சத்திரம் பளிச்சினு கீது பாருங்க. நடுவுல மங்கலா ஒண்ணு கீது. தெரியுதா?"

அந்த அம்மா கண்ணைச் சுருக்கி, "ஆங், தெரியுது" என்றார். அவர் வீட்டுக்காரருக்கும் தெரிந்தது. மாப்பிள்ளைக்குத் தலையைத் தூக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

"இன்னா கலரு அது?"

"நட்சத்திரம் வேற இன்னா கலர்ல இருக்கும்? வெள்ளதான்" என்றார் மாப்பிள்ளை.

அத்தை என் தோளைத் தொட்டாள். "நீ சொல்லு."

நெல் காவலுக்கு அவளோடு களத்தில் படுக்கும்போதெல்லாம் நாங்கள் பார்ப்பது அது. "ஆரஞ்சு. காஞ்சுபோன ஆரஞ்சுத் தோலு மாதிரி" என்றேன். அவ்வளவு பேருக்கு நடுவில் என் குரலை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

"பாக்காமயே பாத்தேன்றீங்க. அப்டித்தான் எனக்குக் கண்ணு தெரியலன்னும் சொல்லிக்கினு கீறீங்க" என்றாள் அத்தை. "போய்ட்டு வாங்க. எனக்கு இந்த எடம் வாணாம்."

"யம்மாடி, இன்னா வாயி!" என்று அந்த அம்மா புடவையை உதறிக்கொண்டு கிளம்பினார். மாப்பிள்ளை போகிற வழியில் சொம்பில் இடறினார்.

அப்பா வெகுநாள் அத்தையோடு பேசவில்லை. அம்மா மட்டும் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மிச்சமான காபியைச் சூடுபண்ணி அத்தைக்கும் எனக்கும் கொடுத்தாள்.

போன மாதம் என் மகன் நட்சத்திரம் காட்டும் ஆப்பைத் திறந்து, செல்போனை அந்தத் தென்னைக்கு மேலே பிடித்தான். வயதாகி ஊதிப்போன நட்சத்திரமாம், அதனால்தான் அந்த நிறமாம். செய்யாற்றுக்கு அக்கரையில் வாழும் அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அது எனக்கு அப்பவே தெரியுமே" என்றாள். அவள் வீட்டுக்காரருக்கு இன்றுவரை அந்த நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியவில்லையாம். தெரியவில்லை என்று பெண் பார்க்க வந்த முதல் நாளே சொல்லிவிட்டாராம்.

காபி குடித்த அந்த ராத்திரி எனக்கு ஒரே குழப்பம். பதிலைத்தான் சரியாகச் சொல்லிவிட்டேனே, பின்னே கல்யாணம் ஏன் நின்றது? அவள் கேட்டது நட்சத்திரத்தின் நிறத்தை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.