அந்த மூணு நாளும் எனக்குத்தான்

எங்க வீட்ல பொம்பளைக்கு லீவுன்னு ஒண்ணு உண்டுன்னா அது மாசத்துல மூணு நாள். அதையும் யாரும் லீவுன்னு சொல்லிக் குடுக்கல. வீட்டுக்குத் தூரம்னு சொல்லிட்டு, ஒரு பாயி, ஒரு தட்டு, ஒரு டம்ளரோட பின்சுவத்தோட ஓலை எறக்குன சாய்ப்புக்குப் போயிரணும். அடுப்பங்கரைக்குள்ள கால் வைக்கக் கூடாது. சாமி படத்துப் பக்கம் திரும்பக் கூடாது. செடி கொடியத் தொடக் கூடாது, தொட்டா பட்டுப்போகும். மூணாம் நாள் தலைக்கு ஊத்திட்டுத்தான் உள்ள வரணும். இதுதான் என் மாமியார் வீட்டுச் சட்டம். அவங்கள நான் அத்தைன்னு கூப்பிடுறது.

நான் சாயல்குடிப் பக்கம் பெறந்தவ. முதுகுளத்தூர்ல இருந்து அரை மணி நேரம் பஸ்ஸுல வர்ற இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேன். மானம் பாத்த பூமி. மழை பேஞ்சா மிளகாய், பேயலைன்னா வெறும் கருவேலங்காடு. எங்க அம்மா வீட்ல இந்தத் தூரம் பக்கமெல்லாம் இவ்வளவு கறாரா கெடையாது. அதனால கல்யாணமான புதுசுல எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. நான் என்ன தொத்து வியாதிக்காரியா, எனக்குன்னு தனித் தட்டுன்னு ஒரு மூலையில உக்காந்து அழுதேன். மொத ரெண்டு மாசம் அப்படித்தான் போச்சு.

மூணாவது மாசம்தான் ஒரு விசயம் புரிஞ்சுச்சு. என்னை யாருமே கூப்பிடல. மத்த இருபத்தேழு நாளும் விடிஞ்சதுல இருந்து என் பேரத்தான் ஏலம் போடுவாங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டு, உலை வையி, காட்டுக்குக் கஞ்சி கொண்டுட்டு வா, வத்தலக் கெளறி விடு. நடுவுல ஒரு பழைய பேப்பர விரிச்சு ரெண்டு வரி படிச்சாப் போதும், என்ன கலெக்டர் பரிச்சைக்குப் படிக்கிறியான்னு ஒரு குரல் வந்துரும். அந்த மூணு நாளு மட்டும் எட்டிப் பாக்க நாதி இல்ல. சோறு தட்டுல வந்து விழும், தின்னுட்டு சும்மா கெடக்கலாம். ஆகா, இதுல்ல வாழ்க்கைன்னு நெனச்சேன்.

அடுத்த மாசமே முதுகுளத்தூர் லைப்ரரியில சேந்தேன். அத்தை பாத்துட்டு, தூரமா இருக்கையில புத்தகத்தத் தொடக் கூடாது, அது சரஸ்வதின்னாங்க. இது ஊருக்குப் பொதுவான புத்தகம், எந்தெந்தப் பொம்பளைக எந்தெந்த நாள்ல தொட்டாளுகளோ, சரஸ்வதி இன்னும் அங்கனதான இருக்கான்னு சொன்னேன். அன்னைக்குப் பிடிச்ச புத்தகத்த நான் விடல. இருபத்தஞ்சு வருசம். தடிதடியான கதைப் புத்தகமா எடுத்து, மூணு நாள்ல முடிக்கிறதுன்னு எனக்கு நானே ஒரு வைராக்கியம் வச்சுக்கிட்டேன்.

சாய்ப்பு ஓரத்துல ஒரு கருவேப்பிலை நிக்கிது. எங்க மண்ணுல கருவேப்பிலை வர்றது லேசுப்பட்ட காரியமில்ல. போர்த் தண்ணி உப்பு, ஊத்துனா எல கருகிரும். அரிசி களஞ்ச தண்ணி, காய் கழுவுன தண்ணின்னு பொறுக்கிப் பொறுக்கி ஊத்தித்தான் வளத்தேன். அது போக, அந்த மூணு நாளும் பொதுக் குடத்த நான் தொடக் கூடாதுல்ல, அதனால எனக்குன்னு தெனம் ஒரு குடம் நல்லதண்ணி தனியா எறக்கி வச்சிருவாங்க. நான் பாதியக் குடிப்பேன். அத்தை மத்தியானம் கண்ணசந்ததும் மீதிப் பாதிய அந்தக் கருவேப்பிலைக்கு ஊத்துவேன். ஊத்திட்டு, வேணும்னே எலையத் தடவிக் குடுத்துட்டுத்தான் வருவேன். செடி பட்டுப்போகல. மரமாச்சு. தெருவுல பாதி வீட்டுத் தாளிப்புக்கு எங்க எலைதான் போகுது. யாராச்சும் கேட்டா அத்தை, எங்க வீட்ல சுத்தபத்தமா இருக்கோம்ல, அதான் நிக்கிதுன்னு சொல்லுவாங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்.

எனக்கு ஒரு மக, இப்பக் கட்டிக்குடுத்தாச்சு. அவ பெரிய மனுசி ஆனப்ப, இந்தச் சாய்ப்புல அவ உக்கார மாட்டான்னு ஒத்தக் கால்ல நின்னு சண்டை போட்டு ஜெயிச்சேன். அவ உள்ளதான் இருந்தா, உள்ளதான் தின்னா. அப்ப நீ மட்டும் ஏன் இன்னும் பாயத் தூக்கிட்டுப் போறன்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு. எனக்குப் பழகிப்போச்சுன்னு சொன்னேன். என் மூணு நாளை நான் ஏன் விட்டுக்குடுக்கணும்?

அது போன வருசம் கோடையோட நின்னுபோச்சு. வயசாச்சு, நிக்கிறதுதான். மத்த பொம்பளைக அப்பாடான்னு மூச்சு விடுவாளுகளாம். நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். தூரம் இல்லைன்னா சாய்ப்பு இல்ல. சாய்ப்பு இல்லைன்னா புத்தகம் இல்ல. சாகுற வரைக்கும் முப்பது நாளும் அடுப்புதான். நெனச்சுப் பாக்கவே பயமா இருந்துச்சு. அதனால யாருகிட்டயும் மூச்சு விடாம, மாசா மாசம் எப்பவும் போலப் பாயத் தூக்கிட்டுப் போனேன். அத்தைக்கு மொழங்கால் வலி. அந்த வலியோட அந்த மூணு நாளும் அவங்கதான் ஆக்கிப் போட்டாங்க. பாவமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா பக்கத்தப் பொரட்டுனதும் அந்தப் பாவம் மறந்துபோகும்.

என் புத்தியக் கெடுத்தது ஒரு புத்தகம்தான். எண்ணூறு பக்கம். மூணு நாள்ல பாதிதான் முடிஞ்சுது. மத்த நாள்ல அதத் தொடக்கூட முடியல, மிளகாய் பறிப்பு நேரம். வேற யாரோ கேட்டுருக்காங்க, தவணை தாண்டிப்போச்சு, கொண்டாந்து குடுத்துருன்னு லைப்ரரியில சொல்லிட்டாங்க. கதையில அந்தப் பொண்ணு வீட்ட விட்டுக் கெளம்பி நிக்கிறா. எங்க போறா, என்ன ஆகுறான்னு தெரியாம எப்படிக் குடுக்கிறது? மறுநாள் காலையில யோசிக்காமக் கொள்ளாம பின்வாசல்ல நின்னு, அத்தை, நான் தூரம்னு சொல்லிட்டேன்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா வானத்த வச்சு எல்லாம் அத்துபடி. வெரல மடக்குனாங்க. போன தடவை நீ ஒதுங்குனது அமாவாசைக்கு மறுநா, இன்னைக்குப் பௌர்ணமி கழிஞ்சு மூணாம் நாளு, பதினேழு நாள்ல எப்படி வரும்னு கேட்டாங்க. ஏதோ வந்துருச்சுன்னு முணுமுணுத்துட்டுப் பாய விரிச்சேன்.

அவங்க திட்டுவாங்கன்னுதான் பாத்தேன். திட்டல. பயந்துட்டாங்க. மேலத் தெருவுல ஒருத்திக்கு இப்படித்தான் மாசம் ரெண்டு தடவை வந்து, கடைசியில கர்ப்பப்பைய எடுத்தாங்க. அத நெனச்சு எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்ல, அவரு காட்டு வேலையப் போட்டுட்டு மத்தியானமே வந்து நின்னாரு. ராமநாதபுரத்துல டாக்டரம்மாவுக்கு டோக்கன் போட்டாச்சு, நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்குக் கெளம்புன்னாரு. அத்தை வெந்தயத்த ஊறவச்சுக் கொண்டாந்து, எட்ட நின்னு நீட்டுனாங்க. நொண்டி நொண்டி அவங்க அதக் கொண்டாந்ததப் பாத்ததும் எனக்குப் பொய்ய இழுத்துட்டுப் போகத் தெம்பு இல்ல. புத்தகத்த மூடி வச்சேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு நின்னு எட்டு மாசமாச்சு."

மொதல்ல வெளங்குனது அத்தைக்குத்தான். எட்டு மாசமா பொய் சொல்லிட்டா போயி உக்காந்த, மொழங்கால் வலியோட நான் சோறாக்க நீ காலு நீட்டிக் கதை படிச்சியான்னு கேட்டாங்க. ஆமா, அது தப்புதான், உங்க காலு விசயத்துல நான் செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட்டேன். அந்த வெந்தய டம்ளரப் பாக்கவே எனக்கு வெக்கமா இருந்துச்சு.

அதோட விட்டுருந்தா நானும் அடங்கியிருப்பேனோ என்னமோ. எங்க வீட்டுக்காரரு பெருமூச்சு விட்டுட்டு, சரி விடு, நோய் இல்லைல்ல, இனிமே முப்பது நாளும் நீயே அடுப்பப் பாத்துக்க, அம்மாவுக்கும் ஓய்வுன்னாரு. எனக்கு என்னமோ பதவி குடுக்கிற மாதிரி சொன்னாரு. எனக்குக் கோவம் உச்சந்தலையில ஏறிருச்சு.

"பாக்க மாட்டேன். நீங்க ஒதுக்கி வச்சப்ப அழுதுக்கிட்டுப் போயி உக்காந்தேன். இப்ப நானா போறேன். மாசம் மூணு நாளு இங்கனதான் இருப்பேன். இனிமே தூரம்னு சொல்ல மாட்டேன், படிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவேன்."

அப்பச் சோறுன்னு கேட்டாரு. நீங்க ஆக்குங்கன்னேன். எனக்கா, எனக்கு உப்புப் போடக்கூடத் தெரியாதேன்னாரு. வாக்கப்பட்டு வந்தப்ப எனக்கும் உங்க வீட்டு உப்பு தெரியாது, ஏச்சு வாங்கித்தான் கத்துக்கிட்டேன், உங்கள நான் ஏசக்கூட மாட்டேன்னு சொன்னேன்.

அத்தை விடல. தீட்டு இல்லாதவ தூரத்துல உக்காந்தா வீடு வெளங்காது, செடி கொடி தழைக்காதுன்னாங்க. நான் எந்திரிச்சுப் போயி, அவங்க கண்ணு முன்னாடியே கருவேப்பிலைய ஒரு கொத்து ஒடிச்சேன். இருபத்தஞ்சு வருசமா அந்த மூணு நாளும் இதுக்குத் தண்ணி ஊத்துனது நான், தொட்டுத் தடவுனது நான், குலசாமி படையலுக்குத் தாளிச்சதும் இந்த எலையத்தான்னு சொன்னேன். அத்தை மரத்தப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. மெதுவா உள்ள போயிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு டோக்கன ரத்து பண்ணச் செல்போனத் தேடுனாரு. நான் பாயில உக்காந்து, விட்ட பக்கத்தத் தேடி எடுத்தேன்.

அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி. படிக்கப் போறேன்னு சத்தமாச் சொல்லிட்டுத்தான் போனேன். அடுப்பங்கரையில எங்க வீட்டுக்காரரு கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைக்கிறேன்னு நிக்கிறாரு. முண்டு மிளகா வத்தல எத்தனை கிள்ளிப் போட்டாரோ, தெரு முழுக்கத் தும்முது. எட்டிப் பாக்கணும்னு காலு துறுதுறுன்னுச்சு. கால மடக்கி அது மேலயே உக்காந்துக்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல அத்தை மொழங்கால அமுக்கிக்கிட்டே வந்தாங்க. சண்டைக்குத்தான் வாராங்கன்னு நானும் முறுக்கிக்கிட்டு இருந்தேன். இத்தனை வருசமா மிதிக்காத என் பாயில, ஒரு ஓரமா உக்காந்தாங்க. கருவேப்பிலையப் பாத்து மொழங்கால நீட்டுனாங்க. அப்பறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னாங்க:

"எனக்கு நின்னப்ப எனக்கு இது தோணாமப் போச்சேடி."