திருச்செல்வம் காருக்குத் தண்ணீர் ஊற்றிய கதை

கெலிஓயாவில் திருச்செல்வத்தைத் தெரியாதவர்கள் குறைவு. அது அவருடைய அறிவுக்குக் கிடைத்த பெயரல்ல, காருக்குக் கிடைத்த பெயர். கண்டியில் ஒரு கந்தோரில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்துவிட்டு, பென்ஷன் எடுத்த கையோடு பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கி வந்தார். வெள்ளை நிறம், தோல் சீட்டு, கதவைச் சாத்தினால் பணக்காரச் சத்தம். அதற்கு முன் ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டி, ஓடியது எழுபதாயிரம் கிலோமீட்டர்தான். இந்த எஞ்சின் உங்களுக்குப் பிறகும் ஓடும் என்று விற்றவர் சொன்னார். அந்த மனுஷன் சொன்னதில் பொய்யே இல்லை. திருச்செல்வத்தின் கையில் சிக்காமல் இருந்திருந்தால் ஓடித்தான் இருக்கும்.

காரை வாங்கியது மனைவி பரிமளத்துக்காக என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். பரிமளம் நாவலப்பிட்டியில் டீச்சர். இருபத்தேழு வருஷமாகக் காலை ஆறேகால் பஸ்ஸில் போய் வருகிறாள். இனி நீ பஸ்ஸில் மிதிபடக்கூடாது என்று கார் வந்த அன்றே அறிவித்தார். குசினிக் கூரை ஒழுகுதே, அதை முதலில் பார்த்திருக்கலாமே என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஆனால் பென்ஷன்காரருக்கு ஆறேகால் மணி என்பது நடுச்சாமம். முதல் வாரம் இரண்டு நாள் கொண்டுபோய் விட்டார். பிறகு அவர் போர்வைக்குள் இருக்கும்போதே பரிமளம் பஸ்ஸுக்குப் போய்விடுவாள். கொடுத்த வாக்கு சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒன்றே ஒன்றாக நின்றது. அவள் ஓய்வுபெறும் நாளில், பிரியாவிடை விழாவுக்கு, பாடசாலைக் கேட்டுக்குள் காரிலேயே கொண்டுபோய் இறக்குவார். அதையும் செய்யாவிட்டால் தான் ஒரு மனுஷனா என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார்.

இனி தண்ணீர் விஷயம். திருச்செல்வத்தின் அப்பா புசல்லாவைப் பக்கம் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவர். லொறியின் முன்சீட்டில் உட்கார்ந்து வளர்ந்ததால், மெக்கானிக் வேலை தன் இரத்தத்திலேயே இருப்பதாகத் திருச்செல்வம் நம்பினார். கார் வாங்கிய முதல் ஞாயிறு, சொந்தக்காரர்களுக்குக் காட்டப் புசல்லாவைக்குப் புறப்பட்டவர், லொறிக்காரர்கள் வழக்கமாக நிறுத்துகிற, தண்ணீர் கொட்டும் பீலியடியில் தானும் நிறுத்தினார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், உள்ளே தண்ணீர் பச்சைப்பசேல் என்று இருந்தது. பாசி பிடிக்கும்வரை தண்ணீர் மாற்றாத டாக்டர் நோயாளிகளை எப்படித்தான் பார்த்தாரோ என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. அடியில் இருந்த திருகைக் கழற்றி அத்தனையையும் ரோட்டோரக் கானுக்குள் ஓடவிட்டு, மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரால் இரண்டு தரம் அலசி, வாய்வரை நிரப்பினார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே பீலி, அதே சேவை. வண்டியைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறார் என்று புசல்லாவையில் பேசிக்கொண்டார்கள். அவரும் அதை மறுக்கவில்லை.

பதினொரு மாதம் கழித்துச் சூடு காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. கம்பளையில் கராஜ் வைத்திருக்கும் யுகேஷிடம் கொண்டுபோனார். யுகேஷ் மூடியைத் திறந்தான். தேத்தண்ணி நிறத்தில் இருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தான். என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டான். திருச்செல்வம் பெருமையாகவே சொன்னார்.

"சேர், அது பாசி இல்ல, கூலன்ட். உள்ள துருப்பிடிக்காம, சூடு ஏறாம பாத்துக்கிட்டதே அதுதான்," என்றான் யுகேஷ். "நல்லா இருந்த எஞ்சின நீங்களே அரிக்க விட்டுட்டீங்க. கழட்டிப் பாக்கணும். அதுவரைக்கும் ஓட்டாதீங்க, ஏத்தத்துல ஓட்டவே ஓட்டாதீங்க."

கழற்றினால் மூன்று வாரம் ஆகும். பிரியாவிடைக்கு இருந்தது பன்னிரண்டு நாள். பதினொரு மாதம் தாங்கியது இன்னும் ஒரு காலை தாங்காதா என்று திருச்செல்வம் கணக்குப் போட்டார். பரிமளத்திடம் வாயே திறக்கவில்லை. அது பொய் இல்லை, பைலைக் கொஞ்ச நாள் மேசையில் வைத்திருப்பது மாதிரிதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். முப்பது வருஷம் கந்தோரில் கற்ற வித்தை வேறு எதற்கு?

அந்த நாள் வந்தது. பரிமளம் அரக்கு நிறச் சேலையில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கம்பளை தாண்டும்வரை கார் மகாராஜா மாதிரிப் போனது. உலப்பனை தாண்டிய ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று மிதித்தார். முன்னாலிருந்து ஆவி கிளம்பியது, உள்ளே ஏதோ கரகரவென்று அரைபட்டது, வண்டி நின்றுவிட்டது. இறங்கி, பொனட்டைத் தூக்கி, இடுப்பில் கைவைத்து நிபுணர் மாதிரி நின்றார். ஆவி அவருடைய கண்ணாடியை மறைத்ததால் எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் விளங்கியிருக்காது.

பின்னால் அவள் தினமும் போகும் அதே நாவலப்பிட்டி பஸ் வந்தது. அங்கே தரிப்பிடம் கிடையாது. ஆனாலும் பரிமளம் கையைக் காட்டியதும் நின்றது.

"நீங்களும் ஏறுங்க," என்றாள். "காரை யாரும் ஓட்டிக்கிட்டுப் போயிற மாட்டாங்க."

பஸ்ஸில் அவளுக்கு உடனே சீட்டுக் கிடைத்தது. கொண்டக்டர், மீன்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ் எல்லாருக்கும் அவளைத் தெரிந்திருந்தது, அன்று கடைசி நாள் என்பதும் தெரிந்திருந்தது. திருச்செல்வத்தை யாருக்கும் தெரியவில்லை. டீச்சரின் வீட்டுக்காரர் என்று தெரிந்ததும் இரக்கப்பட்டார்கள். கார் வியாபாரிகள் எல்லாரும் கள்ளர்கள், மீட்டரைத் திருப்பி விற்றிருப்பான் என்றார் மீன்காரர். திருச்செல்வம் தலையை ஆட்டினார். அந்தக் கள்ளன் அவருக்கு அவ்வளவு வசதியாக இருந்தான்.

"யார் சொன்னாலும் நம்பிருவாரு," என்று பரிமளம் நர்ஸிடம் சொன்னாள். "ஆனா எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டாரு."

திருச்செல்வம் கம்பியைப் பிடித்தபடி அவள் பக்கம் திரும்பினார்.

"யாரும் என்னை ஏமாத்தல," என்றார். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "எஞ்சினக் கெடுத்தது நான்தான். அதுல இருந்த மருந்துத் தண்ணியப் பாசின்னு நெனச்சுக் கீழ ஊத்திட்டு, பீலித் தண்ணிய ஊத்தினேன். ஓட்டாதீங்கன்னு யுகேஷ் பன்னெண்டு நாளைக்கு முன்னமே சொன்னான். உன்ன எப்படியாவது கார்ல எறக்கணும்னு மறைச்சிட்டேன்."

முதலில் கொண்டக்டர் சிரிக்க ஆரம்பித்தார், நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள், மீன்காரர் கூடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். தன்னை அறியாமல் திருச்செல்வமும் சிரித்தார்.

பரிமளம் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"சொல்லியிருக்கலாமே. கடைசி நாளு இவங்களோட பஸ்ல போகணும்னுதான் எனக்கு ஆசை. நீங்க மனசு நோவீங்கன்னுதான் கார்ல ஏறினேன்."

திருச்செல்வத்தின் சிரிப்பு நின்றது. பதினொரு மாதம் அவளுக்காக, அவளுக்காக என்று சொல்லித் திரிந்த காரில், அவள் அவருக்காக ஏறியிருந்தாள். நாலுபேர் பார்க்கக் கேட்டுக்குள் நுழைய ஆசைப்பட்டது யார் என்று இப்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. பரிமளம் சேலையை ஒதுக்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம்விட்டாள். அவர் அந்த அரைச் சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்து, மீன்காரரின் பெயர் என்ன என்று அவளிடம் கேட்டார்.