தீபத்துக்கு முதல் நாள் அடைத்துக்கொண்ட குழாய்

பாஞ்சாலை வாயைத் திறந்தால் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் கேட்கும் என்பான் அவள் புருஷன் சடையன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். ஆனால் ரொம்பக் கூட்டவில்லை. அந்த ஆபீசுக்குப் பக்கத்துக் கேன்டீனில்தான் அவள் சமையல். கீழ்பென்னாத்தூரிலிருந்து கல்யாணமாகி டவுனுக்கு வந்தவள், எத்தனையோ வாடகை வீடுகளில் "தண்ணி ஜாஸ்தி ஊத்தாதே" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு, ஒருவழியாக இந்த வருஷம்தான் வேங்கிக்காலில் சின்னதாய் ஒரு வீடு கட்டினாள். மொட்டைமாடியில் நின்றால் தீபம் ஏற்றுகிற மலை உச்சி பளிச்சென்று தெரியும். விடுவாளா? "கார்த்திகை தீபத்துக்கு எங்க ஊட்டுக்குத்தான் வரணும்" என்று சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டுவிட்டாள்.

சென்னையிலிருக்கும் நாத்தனார் சந்திரகலாதான் இழுத்தாள். "இத்தினி பேரு வந்தா உன் ஊடு தாங்குமா பாஞ்சால? நாங்க எல்லாரும் லாட்ஜுலயே தங்கிக்கறோமே."

பாஞ்சாலைக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் தாங்கும் அண்ணி. வந்துதான் பாருங்களேன்!"

சொல்லி வாய் மூடவில்லை, தீபத்துக்கு முதல் நாள் காலை கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் உள்ளே போக மாட்டேன் என்று மேலே ஏறியது. குளிக்கிற இடத்திலும் அதே கதி. சாயங்காலம் ஒரு பட்டாளம் வந்து இறங்கப்போகிறது. இதைப் பார்த்தால் சந்திரகலா எல்லோரையும் ஓட்டிக்கொண்டு லாட்ஜுக்குப் போய்விடுவாள். அப்புறம் ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

"யோவ்! எல்லாம் நீ போட்ட ஷாம்பு பாக்கெட்டுதான்யா!"

"என் தலையில முடி எங்கம்மே கீது, ஷாம்பு போட?" என்று வழுக்கையைத் தடவினான் சடையன்.

கழிவுநீர் லாரிக்காரருக்குப் போன் போட்டார்கள். தீபக் கூட்டத்துக்காக லாரிகளையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள், வண்டி உள்ளே வராது என்றார். வந்தாலும் அவர் கேட்கிற வாடகை, வீடு கட்டிக் காய்ந்துபோன கைக்குத் தாங்காது. யாராவது ஆளைக் கூட்டி வந்து செப்டிக் டேங்கில் இறக்கலாமா என்று சடையன் மெல்லக் கேட்டான்.

"நம்ம ஊட்டு நாத்தத்துல இன்னொருத்தர் பெத்த புள்ளைய இறக்குவியா நீ? வாய மூடிக்கினு சந்துல கீற அந்த மூடிக் கல்லைத் தூக்கு!"

வீட்டுச் சந்தில், குழாய் போகிற வழியில் மூடி போட்ட சின்னத் தொட்டிகள் இரண்டு. பாத்ரூம் ஓரத்துத் தொட்டி தளும்பிக்கொண்டிருந்தது. செப்டிக் டேங்க் ஓரத்துத் தொட்டியோ வறண்டு கிடந்தது. அப்படியானால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில்தான். பாஞ்சாலைக்குத் தெம்பு வந்துவிட்டது. வீடு கட்டச் சாரம் போட்டதில் மிஞ்சிய மூங்கிலைச் சடையன் நீளமாகப் பிளந்து கொடுத்தான். அதன் நுனியில் கம்பியைக் கொக்கியாக வளைத்துக் கட்டி, கைக்கு உறை, மூக்குக்குத் துண்டு சகிதம், வறண்ட தொட்டிப் பக்கமிருந்து உள்ளே விட்டுக் குத்தினாள். ஏதோ சிக்கியது. மேலே தெறிக்காமல் ஒதுங்கி நின்று, வெடுக்கென்று இழுத்தாள்.

கொத்தாக வந்து விழுந்தது, கன்னங்கரேலென்று. திரி! அத்தனையும் எரிந்துபோன விளக்குத் திரி, எண்ணெய்ப் பிசுக்கில் கட்டியாகி, தேங்காய் நாரோடு பின்னிக்கொண்டு.

ஐயையோ! வாடகை வீட்டில் இருந்தவரை தீபத்துக்கு முன்னால் பழைய அகல்களைத் தெருக்குழாயடியில்தான் தேய்ப்பாள். இப்போது சொந்த பாத்ரூம், புது டைல்ஸ், கேட்க ஆளில்லை. ராணி மாதிரி உள்ளே உட்கார்ந்து, சுடுதண்ணியும் சீயக்காயும் போட்டுத் தேய்த்து, திரியோடு எல்லாவற்றையும் அவள்தான் அலசிவிட்டிருந்தாள்.

சடையன் அந்தக் கொத்தைக் குச்சியால் தூக்கிப் பிடித்தான். "இதுல என் ஷாம்பு பாக்கெட்டு எதும்மே?"

"போய்யா அந்தாண்ட!" என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதற்குள் தேங்கிய தண்ணீர் கடகடவென்று இறங்கி ஓடியது. சடையன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, "அண்ணாமலையாருக்கு...!" என்று கத்தினான்.

இந்த ஊரில் அப்படிக் கத்தினால் யாராவது சும்மா இருப்பார்களா? பக்கத்து வீட்டிலிருந்தும், எதிர் மாடியிலிருந்தும், தெருவில் போன கீரைக்காரியிடமிருந்தும் ஒரே குரலாக வந்தது: "அரோகரா!" எதற்கென்று யாருக்கும் தெரியாது. பாஞ்சாலையும் வெட்கத்தை விட்டு, "அரோகரா!" என்றாள்.

சாயங்காலம் வேன் வந்து நின்றது. இறங்கியதும் சந்திரகலா நேரே பாத்ரூமுக்குப் போனாள். பாஞ்சாலை கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அது ஒழுங்காக இறங்குகிற சத்தமும் கேட்டது.

"நல்லாத்தான் கட்டியிருக்கே பாஞ்சால. லாட்ஜெல்லாம் வாணாம், இங்கயே படுத்துக்கறோம்" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள் சந்திரகலா. பாஞ்சாலைக்குக் கண் நிறைந்துவிட்டது. நாத்தனாரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சந்திரகலா சாமி அலமாரிப் பக்கம் போனாள். இன்னும் தேய்க்காத பித்தளை விளக்கைத் திரியோடு கையில் எடுத்தாள். "சும்மா எதுக்கு உக்காரணும்? இதையும் பாத்ரூம்லயே தேய்ச்சிட்டு வந்துடறேன்."

"வாணாம்!" என்று புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போட்ட சத்தம், நிஜமாகவே கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் கேட்டிருக்கும்.