கேள்விக்குறிக்கு அப்புறம் இருந்த தேதி

அண்ணனின் வலது கையில் மண்வெட்டி இறங்கியபோது அப்போதுதான் விடிந்திருந்தது. வெட்டியவர் பக்கத்து நிலத்துக்காரர். சொந்தம் இல்லை என்றாலும் சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுகிறோம். தலைக்கு வந்ததை அண்ணன் கையால் தடுத்தான். இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. வரப்பில் விழுந்தவனை அவர் மிதித்தார். நான் எங்கள் வீட்டு மாடியிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி ஓடினேன். அதற்குள் அவர் போய்விட்டார். வரப்பெல்லாம் ரத்தம்.

பாகூர் ஏரியில் தண்ணீர் குறைந்தால் எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். ஒரு நாளைக்கு ஒரு வீடு. முறையைச் சொல்வது விவசாயிகள் குழு, அதன் செயலாளர் என் சித்தப்பா. நான் ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வெப்சைட் எழுதுகிறவள். முறை பார்க்க ஒரு பக்கம் செய்து தா என்று சித்தப்பா கேட்டார், செய்து கொடுத்தேன். தேதியைத் தொட்டால் பக்கம் மறுபடி லோடு ஆகாது, பெயர் மட்டும் மாறும். இந்த மாதிரிப் பக்கங்களில் ஒரு தொல்லை உண்டு. திரையில் எது மாறினாலும் மேலே முகவரி மாறாமல் நிற்கும். அதை அனுப்பினால் நாம் பார்த்தது வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் தொட்ட தேதியை முகவரியின் கடைசியில், கேள்விக்குறிக்கு அப்புறம், ஒட்டிக்கொள்ளும்படி எழுதினேன். பேக் பட்டனை அழுத்தினால் முன்பு பார்த்த தேதிக்கே திரும்பும். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தது. தேதி இல்லாமல் திறந்தால், அன்றைக்கு முறை யாருடையதோ அவர் பெயரை மட்டும் காட்டும்.

சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் யாரோ பாடம் எடுத்திருந்தார்கள். "கேள்விக்குறிக்கு அப்பால இருக்கறதெல்லாம் நம்மள வேவு பாக்கறதாம். நான் எந்த லிங்க்கா இருந்தாலும் அத்த நறுக்கிட்டுதான் அனுப்புவேன்" என்றார்.

"மத்த லிங்க்க நறுக்குங்க சித்தப்பா. இதுல அந்த வாலுதான் தேதி. கை வைக்காதீங்க" என்றேன். தலையை ஆட்டினார். மண்டையில் ஏறவில்லை.

வியாழக்கிழமை எங்கள் முறை. வெள்ளி மாமாவுடையது. வியாழன் சாயங்காலம் சித்தப்பா வெள்ளியைத் தொட்டு, லிங்க்கை எடுத்து, வாலை நறுக்கி, 'நாளை முறை' என்று குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார். மாமா திறந்தார். தேதி இல்லாததால் வியாழனின் முறை வந்தது, எங்கள் அப்பா பெயரோடு. தன் நாளையும் நாங்கள் பிடுங்கிக்கொண்டோம் என்று நினைத்துவிட்டார். செயலாளர் எங்கள் வீட்டு ஆள், வேறென்ன நினைப்பார்? பயிர் காய்கிற வயிற்றெரிச்சல் வேறு. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விடிந்ததும் மண்வெட்டியோடு வந்தார். எங்கள் மடையில் அண்ணன் குனிந்து நிற்பது கண்ணில் பட்டது. அவ்வளவுதான்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன கையோடு எங்கள் ஆட்கள் கட்டையும் கடப்பாரையுமாகக் கிளம்பினார்கள். முன்னால் சித்தப்பா. மாமா வீட்டு வாசலில் நின்ற பைக்கை நொறுக்கினார்கள். குறுக்கே வந்த அவர் மகனின் மண்டையைப் பிளந்தார்கள். மாமாவைத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டார்கள். எனக்கும் அவரை அடிக்கக் கை துறுதுறுத்தது, மறைக்க மாட்டேன். ஆனால் குழுவில் வந்த அந்த மொட்டை லிங்க்கை அப்போதுதான் பார்த்திருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அந்த மனிதரைக் கொன்றுவிடுவார்கள்.

சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து போனைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. "இத்த இப்ப சொல்லாதடி. ஊரே என் மேல வுழும்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி அவர் முட்டியிலேயே ஒன்று வைத்தேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. லிங்க்கின் வாலை அவர் நறுக்கி அனுப்பியதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். மாமாவைக் குழு லிங்க்கைத் திறக்கச் சொன்னேன். உதட்டு ரத்தம் சொட்டத் திறந்தார். அவர் பெயர் இருந்தது.

"இப்பத்தான மாத்தின? உங்க வூட்டு வேலதான இது?"

"மாத்தல. வாலு இல்லன்னா அன்னிக்கு முறையத்தான் காட்டும். நேத்து பாத்தீங்க, நேத்து முறை வந்துச்சு. இன்னிக்கு உங்க முறை. நம்பலன்னா வயலப் பாருங்க."

வீட்டை ஒட்டியே அவர் வயல். வெடித்துக் கிடந்த மண்ணில் தண்ணீர் ஏறி முக்கால்வாசி நனைந்திருந்தது. எங்கள் முறை முடிந்ததென்று மடையை அடைத்து அந்தப் பக்கம் திருப்பிவிட்டபோதுதான் அண்ணன் வெட்டுப்பட்டான்.

"அப்ப எனுக்குத்தான் திருப்பிக்கினு இருந்தானா?" என்றார் மாமா. கட்டைகள் கைகளிலேயே இருந்தன. யாரும் ஓங்கவில்லை.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து முறை காட்டும் பக்கத்தின் கோடிங்கை மாற்றினேன். இப்போது தேதி இல்லாமல் திறந்தால் அந்தப் பக்கம் யார் பெயரையும் காட்டாது, எந்தத் தேதி என்று கேட்கும். ஒரு விரலை ஒட்டினார்கள். இன்னொன்று ஒட்டவில்லை.

அண்ணன் இடது கையால் மண்வெட்டி பிடிக்கப் பழகிவிட்டான். வாய்க்காலில் எல்லோருக்கும் மடை மாற்றுவது இப்போது அவன்தான். மாமாவின் முறை வருகிற விடியற்காலையில் மட்டும் வீட்டை விட்டு இறங்குவதில்லை. அன்றைக்கு நான் போகிறேன். எதிர் வரப்பில் மாமா வெறுங்கையோடு நிற்பார். நான் திருப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.