கோமதியின் பதினைந்து மாதக் காலண்டர்

வியாழக்கிழமை, காலை 5.40. சென்னை ரயிலிலிருந்து விருதுநகர் ஸ்டேஷனில் இறங்கினேன். நம் குடியிருப்பு மலரில் இதுவரை ஆறு பயணக் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஆறிலும் ரயிலை விட்டு இறங்கியதுமே காபியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவதாக இரண்டாம் மாடி நண்பர் கேலி செய்வார். எனவே, காபி பதினைந்து ரூபாய், நன்றாக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கோயில், அருவி, மலைப்பாதை எதுவும் இந்தக் கட்டுரையில் கிடையாது. இரண்டு நாள் போனேன், அங்கே ஒரு காரியம் செய்தேன், அவ்வளவுதான். செய்தவன் உங்கள் சங்கத் தலைவர் என்பதால் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

விருதுநகரில் என் தங்கை கோமதி இருக்கிறாள். வயது ஐம்பத்தெட்டு. பருப்பு மண்டியில் வேலை பார்த்த அவள் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் செந்தில் பெங்களூரில். சிவகாசி அச்சகங்கள் ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி வெளியிடும். அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி, எந்தப் படம், எத்தனை பிரதி என்று ஆர்டர் பிடிப்பது அந்தப் பக்கத்தில் ஒரு தொழில். ஆண்கள் பைக்கில் போய்ச் செய்கிறார்கள். இரண்டு வருடமாக கோமதி பஸ்ஸில் போய்ச் செய்கிறாள். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் நம்முடையதுதான். உங்கள் வீட்டுச் சுவரில் இப்போது தொங்குகிறதே, நான் கைகூப்பி நிற்கிற தினசரிக் காலண்டர், அது அவள் அடித்துக் கொடுத்தது. இருநூறு பிரதி. நானும் ஒன்பது மாதமாக அதில்தான் தேதி கிழிக்கிறேன்.

நான் போனதற்குக் காரணம் செந்தில். போன வாரம் போன் செய்தான். அம்மா இந்த வருடம் இன்னொருவருக்கு ஏஜென்டாக இல்லாமல் சொந்தப் பெயரில் தொழில் தொடங்கியிருக்கிறாள், சரி, ஆனால் விளம்பரத்துக்கு ஐநூறு காலண்டர் அடிக்கிறாள், அதில் தன் போட்டோவையே போடுகிறாள் என்றான். சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் மாமா, நீங்கள் சொன்னால்தான் கேட்பாள் என்றான். என்னிடம் விட்டுவிடு என்று பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன். அச்சகங்களைப் பற்றி மலரில் எழுத வருகிறேன் என்று கோமதியிடம் சொல்லிவைத்தேன்.

காலை 7.15. இட்லி தட்டில் விழுவதற்கு முன்பே கோமதி போட்டோவைக் காட்டினாள். யாரோ தெருவில் நிற்க வைத்து எடுத்தது. தோளில் நீலப் பை, பைக்குள் ஆல்பம், வெயிலுக்குக் கண்ணை இடுக்கியிருக்கிறாள். கீழே அவளே யோசித்த வரி: “ஆர்டர் எடுக்க நானே வருவேன்.” மற்றவர்கள் காலண்டர் ஜனவரியில்தான் சுவரேறும். அவளுடையது அக்டோபரிலேயே தொடங்கி அடுத்த டிசம்பர் வரை பதினைந்து மாதம். ஆயுத பூஜையன்றே கடைகளில் மாட்டிவிடலாம். கடைக்காரர்கள் புது வருட ஆர்டரை முடிவு செய்கிற நேரமும் அதுதான். எனக்கு அந்த யோசனை வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

படம் எதற்கு, சாமி படம் போதாதா என்று பட்டும் படாமலும் கேட்டேன்.

“அண்ணே, நான் படியேறினாலே, வாயத் தொறக்குமுன்ன கல்லாவுல கைய விட்டு ரெண்டு ரூவாய எடுத்து நீட்டுறாக. கோயில் நன்கொடைக்கு வந்திருக்கேன்னு நெனைக்காக. நான் ஆல்பத்தப் பிரிக்குறதுக்குள்ள அடுத்த ஆளு வந்துருதான். என் மொகம் அங்கன சொவத்துல தொங்குச்சுன்னா, அடுத்தவாட்டி காலண்டர்காரம்மா வாங்கம்பாக.”

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் இன்னொரு இட்லி கேட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

காலை 9.00. பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் வரட்டும் என்று கோமதி என்னை அரை மணி நேரம் நிற்க வைத்தாள். சிவகாசி இருபத்தாறு கிலோமீட்டர். ஆமத்தூர் தாண்டி, ஆனைக்குட்டம் அணைப் பக்கம் வரும்போது ஜன்னலில் கொஞ்சம் ஈரக்காற்று அடித்தது. அதன் பிறகு இருபுறமும் பட்டாசுக் கடைகளும் தள்ளுபடி போர்டுகளும்தான். என் முன் சீட்டில் விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி வீட்டிலுள்ளவர்களுக்கு வரிசையாக போன் பேசி முடித்தாள். கம்பெனி கேட்டில் செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள், சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும், அதனால் அன்றைய பேச்சையெல்லாம் பஸ்ஸிலேயே பேசிவிடுவதாகச் சொன்னாள். கோமதி அவளிடமும் ஊரில் எந்தெந்தக் கடையில் காலண்டர் போடுகிறார்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டாள். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசாதவள் என் தங்கை. எனக்கு அது பெருமையாக இருந்திருக்க வேண்டும். கூச்சமாக இருந்தது.

பகல் 11.20. அச்சகம் ஒரு சந்தின் கடைசியில். மை வாசனையும் மெஷின் சத்தமும் சந்து முனைக்கே வந்துவிடுகின்றன. மேனேஜர் நாற்பது வயதுக்காரர், கோமதியை அக்கா என்றார், என்னை அண்ணாச்சி என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சீசன் என்பதால் மெஷினுக்கு ஓய்வே இல்லை. கோமதியின் வேலைக்கு அன்று மாலை இடம் கிடைத்திருந்தது, அதை விட்டால் தீபாவளி கழிந்துதான். அவள் பிரூப் தாளைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை பார்த்தாள். ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள். சாத்தூரில் ஒரு பாத்திரக்கடை ஆர்டர் இருக்கிறது, நீங்க இங்கன மெஷினெல்லாம் பாத்துட்டு வாங்க அண்ணே என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் சந்தைத் தாண்டும் வரை நான் மெஷினைப் பார்த்தேன். பிறகு மேனேஜரிடம் போனேன்.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். காலையில் எழுந்ததும் ஜனங்கள் முதலில் பார்ப்பது காலண்டரைத்தான், அதில் என் தங்கை முகம் வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

“புரியுது அண்ணாச்சி. நாங்களும் நெனச்சோம், எப்படிச் சொல்றதுன்னுதான் விட்டுட்டோம். வீட்ல பெரியவக நீங்களே சொல்லிட்டீக.”

ஆல்பத்தைப் புரட்டி ஒரு லட்சுமி படத்தைக் காட்டினார். சரி என்றேன். கோமதிக்குத் தெரியுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். கையெழுத்துப் போட்டவளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அண்ணன் வாய்வார்த்தையில் தங்கையின் கையெழுத்து அடிபட்டுப் போக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று மாலை கோமதி விருதுநகர் எண்ணெய் புரோட்டா வாங்கிக் கொடுத்தாள். ஒன்று இருபது ரூபாய். உங்களுக்கு வழக்கம்போல் அதன் மொறுமொறுப்பை வருணித்திருப்பேன். பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். ஆயுத பூஜையன்று எந்தத் தெருவில் தொடங்கி எங்கே முடிப்பது என்று அவள் விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மெஷினை நிறுத்த நேரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை, காலை 10.30. மறுபடி அச்சகம். கட்டுகள் தயாராக இருந்தன. கோமதி ஒரு கட்டின் மேல் காகிதத்தை நகத்தால் கிழித்தாள். லட்சுமி வந்தாள். வேறு யாருடைய கட்டையோ கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து அடுத்ததைப் பிரித்தாள். அதிலும் லட்சுமி, கீழே அவள் பெயரும் “ஆர்டர் எடுக்க நானே வருவேன்” என்ற வரியும். மேனேஜர் என்னைப் பார்த்தார். அண்ணாச்சி சொன்னாகளே அக்கா, ஒங்ககிட்ட சொல்லலியா என்றார்.

கோமதி என் பக்கம் திரும்பினாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏன் அண்ணே என்று மட்டும் கேட்டாள். செந்தில் சொன்னான், சம்பந்தி வீடு என்று இழுத்தேன். அவள் காத்திருந்தாள். காலையில் எழுந்ததும் ஜனங்கள் அதில்தானே முழிப்பார்கள் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அச்சகச் சுவரில் போன வருட வேலைகளை மாதிரிக்காக ஆணியில் மாட்டியிருந்தார்கள். பிள்ளையார், குழந்தை, ஜவுளிக்கடை, நடுவில் நம் குடியிருப்புக் காலண்டர். முந்தின நாள் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் மேனேஜரிடம் பேசியிருக்கிறேன். கோமதி அதைக் கைகாட்டினாள்.

“அண்ணி தவறி ரெண்டு வருசம் கழிச்சு இத அடிச்சேன். எரநூறு வீட்ல காலம்பற ஒங்க மொகத்துலதான் முழிக்காக. எனக்கு ஒண்ணும் தோணலையே அண்ணே.”

மேனேஜர் எழுந்து மெஷின் பக்கம் போய்விட்டார். நான் அந்தச் சுவரில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி இறந்த பிறகு எடுத்த படம் அது. சட்டை நன்றாக இருக்கிறது என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். இது ஆகாத முகம் என்று உங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை, நினைத்திருக்கவும் மாட்டீர்கள். அறுபத்தாறு வயதில் ஒரு அச்சகத்தில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில், இப்படி வெட்கப்பட நேரும் என்று நான் நினைத்ததில்லை.

இப்போதே திரும்ப அடித்துவிடுங்கள், செலவு என்னுடையது என்று மேனேஜரிடம் சொன்னேன். செலவு கெடக்கட்டும் அண்ணாச்சி, மெஷினுக்கு எங்க போக என்றார். அவர் சொன்னது நிஜம். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு வேலைகள் காத்திருந்தன. கோமதி அவரிடம் ஒன்றுதான் சொன்னாள். இனிமேல் என் வேலையில் ஒரு புள்ளி மாற்றுவதென்றாலும் எனக்கு போன் போடுங்க, யாரு வந்து நின்னாலும். பிறகு கட்டுகளைத் தூக்கச் சொன்னாள்.

பிற்பகல் 3.00. சிவகாசியிலிருந்து சாத்தூர் இருபது கிலோமீட்டர். ஆளுக்கு இரண்டு கட்டு. பெயராவது இருக்கிறதே, கொடுத்தவரை கொடுப்போம் என்பது அவள் முடிவு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புச் சாமான் கடையில் முதலில் ஏறினோம். அவள் முன்னால், நான் பின்னால். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார், கல்லாவைத் திறந்தார், ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தை “இந்தாம்மா” என்று அவள் பக்கம் நீட்டினார். நீட்டியபடியே என்னைப் பார்த்து, வாங்க சார், உட்காருங்க, என்ன வேணும் என்றார்.

கோமதி நாணயத்தை வாங்கி மேஜை மேல் வைத்தாள். கோபமில்லாமல், பழகிய கையோடு வைத்தாள். காலண்டர் கொடுக்க வந்தேன் என்றாள். அவர் காலண்டரைப் பிரித்து, படம் லட்சணமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். சார் கம்பெனியா என்றும் என்னிடமே கேட்டார்.

“இவுக என் அண்ணன். கம்பெனி என்னோடது.”

நூறு பிரதிக்கு என்ன ரேட் என்று அவர் மறுபடி என்னிடம் கேட்டார். அவளைக் கேளுங்கள் என்றேன். அதற்குள் கம்பி வாங்க ஆள் வந்துவிட்டது. அப்புறம் பார்ப்போம் என்றார். அடுத்த முறை அவள் அந்தப் படியேறும்போது சுவரில் லட்சுமிதான் இருப்பாள், கல்லாவிலிருந்து இரண்டு ரூபாய்தான் வரும். அதற்கு நான்தான் காரணம். அன்று பதினொரு கடை ஏறினோம். நாலு கடையில் நாணயம் நீட்டினார்கள். ஏழாவது கடையிலிருந்து நான் படிக்குக் கீழேயே நின்றுகொண்டேன்.

மாலை 6.30. சாத்தூர் ஸ்டேஷன். உங்களுக்காகக் காராச்சேவு அரைக் கிலோ வாங்கினேன், நூற்றைம்பது ரூபாய். ரயில் வர நேரமிருந்தது. கோமதி நீலப் பையைக் கீழே வைத்து, கால் நீட்டி உட்கார்ந்து, ஆர்டர் புத்தகத்தை எடுத்தாள்.

“அண்ணே, ஒங்க குடியிருப்புக்கு வாற வருசமும் ஒங்க போட்டோதானா? இப்பவே சொன்னீகன்னா மெசின்ல எடம் போட்டு வைப்பேன்.”

அவள் குத்திக்காட்டவில்லை. வியாபாரமாகத்தான் கேட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது. என் படம் வேண்டாம், உன் படத்தைப் போடு என்றேன். இருநூறு வீட்டிலும் உன் முகம்தான் இருக்கும், சங்கத்தில் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது. பெரிய பிராயச்சித்தம் செய்துவிட்டதாகவும் ஒரு கணம் தோன்றியது.

கோமதி பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தாள்.

“மெட்ராஸ்ல என் மொகம் தெரிஞ்சு என்ன செய்ய அண்ணே? எனக்கு சாத்தூர்ல தெரியணும்.”

புத்தகத்தில் பிள்ளையார், இருநூறு என்று எழுதிக்கொண்டாள்.

நம் ஊரையும் அந்த ஊரையும் ஒப்பிட்டு முடிப்பது என் வழக்கம். அங்கே வெயில் அதிகம், இங்கே நெரிசல் அதிகம். மற்றபடி வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை. சனிக்கிழமை காலை வீடு வந்து கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் காலண்டர் புதன்கிழமையிலேயே நின்றிருந்தது. புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று தாள்களையும் கிழித்தேன். மேலே நான் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.