டோரீன் வீட்டுச் சாந்தோ

மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து டீமில் அன்டன்தான் கோல் அடிப்பவன். பந்து காலில் பட்டுவிட்டால் பக்கத்தில் நிற்பவனுக்குத் தரமாட்டான். பெண்டாட்டி டோரீனையும் அப்படித்தான் வைத்திருந்தான். கலியாணமான மறுவருசமே இத்தாலிக்குப் போனவன், போனவன்தான். அங்கே ஒரு கிழவரைக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிற வேலை. ஊருக்குச் சொன்னதோ, பெரிய கிளப்பில் பந்து ஆடுகிறானாம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போச்சு? லயத்து வீட்டு வரிசையே வாயைப் பிளந்துகொண்டு கேட்டது.

முதல் கிறிஸ்மசுக்கு அவளுக்கு ஒரு சட்டை அனுப்பினான். மடிப்புக் கலையாமலிருக்க உள்ளே ஒரு அட்டை வைத்திருந்தான். அதில் பழைய கறுப்புவெள்ளைப் படம்: இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிய ஒரு மனிதர், இடுப்புக்கு மேலே மட்டும். கீழே இங்கிலீசு எழுத்தில் 'சாந்தோ பெர்த்தோரி'. நம் வேதக்காரர்கள் அந்தோனியாரைச் சாந்த அந்தோனியார் என்றுதானே சொல்வார்கள்? அப்படியானால் இவரும் ஒரு புனிதர்தான். டோரீன் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிரேம் போட்டு மாதாவுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

"சாந்தோவே, அவர ஊரோட கொண்டாந்து சேத்துருங்க" என்று அன்றாடம் ஒரு மெழுகுவர்த்தி. பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமியும் வந்து சூடம் கொளுத்தினாள். அவள் மகளுக்கு வரன் அமைந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா, கூட்டம்தான்.

இந்தச் சித்திரையில் அன்டன் வந்திறங்கினான், கறுப்புக் கண்ணாடியும் செண்டு வாசமுமாக. டோரீன் படத்தைக் காட்டி, "இவருதாங்க ஒங்களக் கொண்டாந்து விட்டாரு" என்று அழுதாள்.

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடி கூமுட்ட, சாந்தோங்கிறது அவன் பேருடி! நூறு வருசத்துக்கு முந்தி பந்தடிச்சவன். நான் பாக்குற கெழவரோட ஊர்க்காரன்."

வாசலில் கூடியவர்களுக்கு அந்த ஆளின் கதையை அளந்தான். கப்பலில் மூட்டை தூக்கியவனாம். ஊர் டீமுக்குக் கோலாகப் போட்டுத் தள்ள, பட்டணத்துக் கிளப் கூட்டிக்கொண்டு போனதாம். அங்கேயும் பேரும் புகழும். அப்புறம் முழங்கால் உடைந்து, ஆட்டம் முடிந்தது.

"அந்தக் கிளப்பு அங்கனயே வேற வேல தர்றேன்னு சொல்லிச்சாம். பொண்டாட்டி தனியா கெடக்கான்னு ஊருக்குத் திரும்பி, சைக்கிள் கட வச்சே செத்தான். மடப்பய!"

எல்லாரும் சிரித்தார்கள். நாகலெட்சுமி சூடத்தட்டை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். எனக்கு அவன் கண்ணாடியைப் பிடுங்கிச் சாக்கடைக் கானில் எறியவேண்டும் போலிருந்தது.

டோரீன் அவன் பக்கம் திரும்பினாள். "ஊரோட வந்துட்டீங்கதானே?" என்று கேட்டாள்.

"ஊரோடயா? வர்ற வெள்ளிக்கெழம பிளைட்டு. டிக்கெட் போட்டாச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புது மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்தாள்.

"பைத்தியமா ஒனக்கு? அவன் பந்தடிச்சவன்னு இப்பத்தானே சொன்னேன்!"

"பொண்டாட்டிக்காகத் திரும்பி வந்த மனுசன். அவரு சாந்தோ இல்லாம வேற யாரு?" என்றாள் டோரீன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவர மறைக்கிறீங்க."