கற்பூரத் தட்டும் பெற்றோல் பம்பும்

போன வெள்ளிக்கிழமை என் காருக்குப் பூஜை. புதுக் கார் இல்லை... என் வயதுதான் அதற்கும். ஆனால் பெற்றோல் போகும் வழி முழுவதும் புதுசு. நானே மாற்றியது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் காரில் எஞ்சின் பின்னால், பெற்றோல் டேங்க் முன்னால். ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே எஞ்சின் குளிரும். போன வருஷம் ஆசைப்பட்டு எஞ்சினைப் பெரிதாக்கி, இரட்டைக் கார்புரேட்டர் போட்டேன். பழைய பம்பால் அதற்குத் தீனி போட முடியவில்லை. ஓப்பநாயக்க மலையேற்றத்தில் பாதி வளைவில் கார் இருமிக்கொண்டு நின்றுவிடும். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனிலேயே ஏசுவார். போதாததற்கு, பழைய ஹோஸ் கசிந்து காருக்குள் பெற்றோல் வாசம்.

ஒருநாள் என் மனைவி சாந்தி நடுவழியில் இறங்கி, அந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டாள். "இனி இந்தக் கார்ல நான் ஏற மாட்டேங்க." சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு முன்சீட் காலி. பேச ஆள் இல்லாமல் ஓட்டுவதற்குப் பெயர் சவாரியா? எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

அதனால்தான் வேலையில் இறங்கினேன். டேங்குக்குப் பக்கத்திலேயே எலெக்ட்ரிக் பம்ப். ஏன் அங்கே? அது தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் சோம்பேறி. அழுத்தம் கூடி கார்புரேட்டர் வழியாமலிருக்க ஒரு ரெகுலேட்டர். ஹோஸ் எல்லாம் புதுசு. தனியாக ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன் — ஒரு இருமல் இல்லை.

சாந்தி கொஞ்சம் இறங்கி வந்தாள். "பூஜை போடுங்க, ஏறுறேன். எம்பிலிப்பிட்டியவுல தங்கச்சி புது வீட்டு விசேஷத்துக்கு இதுலயே போவோம்."

டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. எஸ்டேட் கோயில் பூசாரி கற்பூரம் ஏற்றினார்.

"பொனட்டத் தொறங்க. எஞ்சினுக்குக் காட்டணும்."

"எஞ்சின் பின்னாலங்க. இங்க பெற்றோல் டேங்க்தான் இருக்கு."

அவர் ஓரடி பின்வாங்கினார். "அப்ப பின்னாலயே காட்டிருவோமா?"

சரி என்றிருக்கலாம். நானா சொல்வேன்? "பயப்படாதீங்க, ஒரு சொட்டு ஒழுகாது. பம்ப் சத்தத்தையும் கேளுங்க" என்று பொனட்டைத் திறந்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பம்ப் டிக்டிக்கென்று ஓடியது.

தட்டு டேங்கை நெருங்கியது. சாந்தியின் மூக்கு சுருங்கியது. அடுத்த நொடி, பூசாரி கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக்கொண்டு கேட் பக்கம் ஓடினாள். சாமித் தட்டை இடது கையால் தொடவே பயப்படுகிறவள்...

"என்னம்மா இது?" பூசாரிக்கு முகம் மாறிவிட்டது.

"பெற்றோல் வாசம் அடிக்குது. ஏங்க, மொதல்ல சாவிய ஓஃப் பண்ணுங்க."

குனிந்து பார்த்தேன். பம்ப் வாயில் துளித்துளியாய்ப் பெற்றோல். பூஜைக்கு அழகாக இருக்கட்டுமே என்று காலையில் அந்த ஹோஸைத் திருப்பி வைத்த நான், கிளிப்பை மறுபடி இறுக்கவில்லை. ஓடிப்போய்ச் சாவியை ஓஃப் பண்ணினேன்.

கிளிப்பை இறுக்கினேன். பம்பை ஓடவிட்டு, சாந்தி ஒவ்வொரு மூட்டாக மோந்து பார்த்தாள். பூசாரி கேட்டடியில் நின்றே கற்பூரம் காட்டினார். "சாமிக்கு இவ்ளோ தூரம் கண்ணு தெரியாதா என்ன?"

பிறகு சாந்தி கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

பம்ப், ரெகுலேட்டர், ஹோஸ் எல்லாம் மாற்றிவிட்டேன். கசிவு கண்டுபிடிக்கும் கருவி மட்டும் பழசு... எம்பிலிப்பிட்டிய வரை முன்சீட்டில் பேசிக்கொண்டே வந்தது. பழசு என்று எழுதியதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.